வெளிநாட்டு ஆராய்ச்சிக்கு யார் பணம் தருகிறார்கள், ஏன் தருகிறார்கள்?

வெளிநாடு போய் முனைவர் பட்டமோ அதற்குப் பிந்தைய ஆராய்ச்சியோ செய்ய நினைத்தவர்களை 2025ஆம் ஆண்டு நன்றாகவே குழப்பிவிட்டது. பிப்ரவரியில் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆய்வு மானியத்தில் பெரிய வெட்டு என்று அறிவிப்பு. மார்ச்சில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி, ஏற்கெனவே கொடுத்த பிஎச்டி அனுமதிகளைத் திரும்பப் பெற்றது. ஜூனில் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகை வாரிய உறுப்பினர்கள், ஒருவரைத் தவிர எல்லோரும், அரசியல் தலையீட்டைக் காரணம் காட்டிப் பதவி விலகினார்கள். ஜூலையில் இந்திய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேரில் முதல் கட்டமாக 40 பேருக்கு மட்டுமே கடிதம் போனது. ஜப்பானில் முனைவர் மாணவர்களுக்கான ஒரு திட்டத்தின் வாழ்க்கைச் செலவுப் பணத்தை ஜப்பானியருக்கு மட்டும் தருவது என்று முடிவெடுத்தார்கள். செப்டம்பரில் முடிந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி ஆய்வு நிதிப் போட்டிக்கு 17,058 விண்ணப்பங்கள் குவிந்தன. முந்தைய ஆண்டில் அது 10,360.

எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால் இனி யாருக்கும் எங்கும் பணம் கிடையாது என்றுதான் தோன்றும். ஆனால் இந்தச் செய்திகள் ஒவ்வொன்றும் வேறு வேறு பணத்தைப் பற்றியவை. பணம் யாருடையது, அவர் எதற்காகத் தருகிறார் என்று தெரிந்துகொண்டால், எந்தச் செய்தி நம்மைப் பாதிக்கும், எது பாதிக்காது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

## எதற்கெல்லாம் பணம் வேண்டும்

ஆராய்ச்சிக்காக வெளிநாடு போகிறவருக்கு நான்கு வகைச் செலவு உண்டு: கல்விக் கட்டணம், வாழ்க்கைச் செலவு, ஆய்வுக்கான செலவு (கருவிகள், களப்பணி, மாநாடு), அப்புறம் விசா, விமானம், காப்பீடு போன்ற இடமாற்றச் செலவு. நான்கையும் ஒரே நிதி ஏற்பது அரிது.

இது புதிய நிலைமையும் இல்லை. 1914இல் ராமானுஜன் கேம்பிரிட்ஜ் போனபோது சென்னைப் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 250 பவுண்டும், கப்பல் பயணச் செலவும், உடை முதலியவற்றுக்கு 100 பவுண்டும் தந்தது. டிரினிட்டி கல்லூரி தன் பங்காக 60 பவுண்டு சேர்த்தது. 250 பவுண்டில் 50ஐ ஊரில் இருந்த குடும்பத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்யப்பட்டது. மேதைக்கே இரண்டு இடத்துப் பணத்தைச் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டியிருந்தது.

அதனால் எந்த உதவித்தொகை விளம்பரத்தைப் பார்த்தாலும் தொகை எவ்வளவு என்பதைவிட, இந்த நான்கில் எவை எவை அதற்குள் வருகின்றன என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் முனைவர் படிப்புக்குக் கல்விக் கட்டணமே கிடையாது. அங்கே கட்டண விலக்கு என்ற அறிவிப்புக்குப் பெரிய மதிப்பில்லை. பிரிட்டனில் அதே சொல் பல பத்தாயிரம் பவுண்டு பெறும்.

## பணம் வரும் நான்கு வழிகள்

1. சொந்த நாட்டு அரசின் பணம். இந்தியாவில் பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர் போன்றோருக்கு சமூகநீதி அமைச்சகம் நடத்தும் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை இந்த வகை. ஆண்டுக்கு 125 இடங்கள், அவற்றில் 115 பட்டியல் சாதியினருக்கு. குடும்ப வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். பழங்குடியினருக்குத் தனி அமைச்சகம், தனித் திட்டம். தமிழ்நாட்டு அரசு ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்காக அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகையை நடத்துகிறது.

2. போகிற நாட்டின் நல்லுறவுப் பணம். ஃபுல்பிரைட், ஜெர்மனியின் டாட், ஜப்பான் கல்வி அமைச்சகத்தின் மெக்ஸ்ட், பிரிட்டனின் காமன்வெல்த் உதவித்தொகை ஆகியவை இதில் அடங்கும். பத்திரிகைகளும் பயிற்சி நிலையங்களும் அதிகம் பேசுவது இவற்றைப் பற்றித்தான்.

3. ஆய்வுத் திட்டத்தின் பணம். ஒரு பேராசிரியரோ துறையோ ஒரு குறிப்பிட்ட ஆய்வுக்காக வாங்கிய மானியம். அதைச் செய்ய ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத் தரும் சம்பளமோ உதவித்தொகையோதான் மாணவருக்கு வந்து சேர்கிறது.

4. ஆராய்ச்சியாளரின் பெயரிலேயே வரும் போட்டி நிதி. பட்டம் முடித்தவர் தன் சொந்த ஆய்வுத் திட்டத்தை எழுதிப் போட்டியிட்டு வெல்வது. மேரி கியூரி முனைவர் பிந்தைய நிதி, ஜெர்மனியின் ஹம்போல்ட், ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் ஆகியவை இதற்கு உதாரணம்.

## விளம்பரம் இல்லாத பெரிய வழி

இந்த நான்கில் அறிவியல், பொறியியல் துறைகளில் மிக அதிகம் பேரை வெளிநாட்டுக்குக் கொண்டுபோவது மூன்றாவது. ஆனால் நம் ஊர்களில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுவே. அதற்குப் பெரிய பெயரோ, தேர்வுப் பட்டியலோ, வாழ்த்துப் பேனரோ கிடையாது. ஒரு பல்கலைக்கழகத் தளத்தில் வேலை விளம்பரம் போல ஒரு பக்கத்தில் கிடக்கும்.

அமெரிக்காவில் பிஎச்டி அனுமதி என்பதே பெரும்பாலும் பணத்தோடு சேர்ந்து வருவது. கல்விக் கட்டணம் தள்ளுபடி, மாதா மாதம் உதவித்தொகை, பதிலுக்கு வகுப்பு எடுக்கும் உதவியாளர் வேலை அல்லது ஆய்வு உதவியாளர் வேலை. ஆய்வு உதவியாளரின் பணம் பேராசிரியரின் மானியத்திலிருந்து வருகிறது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு நேரடியாக மாணவருக்குத் தரும் முக்கியமான உதவிகள், உதாரணமாக தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பட்டதாரி ஆய்வு உதவித்தொகை, குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டும்தான். ஆகவே வெளிநாட்டு மாணவர் இயல்பாகவே பேராசிரியரின் மானியத்தையும் துறையின் கற்பித்தல் பணத்தையும் நம்பி இருக்கிறார்.

ஜெர்மனியில் இதே வழி வேலை ஒப்பந்த வடிவில் வருகிறது. பொதுத்துறைச் சம்பளப் பட்டியலில் இ13 என்ற படிநிலை. முழு நேரம், முக்கால் நேரம், அரை நேரம் என்று துறைக்குத் துறை சதவீதம் மாறும். பொறியியலில் முழு நேரம் சாதாரணம், மொழி, வரலாறு போன்ற கலைத் துறைகளில் பாதி நேரம்தான் வழக்கம். பாதி நேரச் சம்பளம் என்றால் பாதி நேரம்தான் ஆய்வு செய்ய வேண்டும் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, அங்கே அப்படி நடப்பதில்லை.

மேரி கியூரி முனைவர் வலையமைப்புகளும் இந்த வகைதான். பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒரு திட்டத்துக்குப் பணம் வாங்கி, அதற்குள் பத்துப் பதினைந்து முனைவர் மாணவர்களை வேலைக்கு எடுக்கும். எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். யூராக்செஸ் என்ற ஐரோப்பிய வேலைத் தளத்தில் விளம்பரம் வரும்.

பிரிட்டன் ஒரு நடு நிலை. அதன் ஆய்வு மன்றங்களின் கூட்டமைப்பான யூகேஆர்ஐ, 2021 முதல் வெளிநாட்டு மாணவர்களையும் முழு உதவித்தொகைக்கு ஏற்கிறது, ஆனால் ஒவ்வொரு ஆண்டுச் சேர்க்கையிலும் அதிகபட்சம் 30 சதவீதம். இதில் ஒரு சிக்கல் உண்டு. யூகேஆர்ஐ தருவது உள்நாட்டு மாணவருக்கான கட்டணம் மட்டும், 2025-26இல் அது 5,006 பவுண்டு. வெளிநாட்டு மாணவர் கட்டணம் அதைப்போலப் பல மடங்கு. மிச்சத்தைப் பல்கலைக்கழகம் தள்ளுபடி செய்தால் கவலை இல்லை. செய்யாவிட்டால் முழு உதவித்தொகை கிடைத்தும் சேர முடியாது. சேருவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டிய விஷயம் இது.

## உதவித்தொகையா, சம்பளமா

பணம் கைக்கு வந்தால் சரி, பெயர் எதுவானால் என்ன என்று கேட்கலாம். பெயரை வைத்துத்தான் வரி, காப்பீடு, ஓய்வூதியம், மகப்பேறு விடுப்பு எல்லாம் தீர்மானமாகின்றன.

ஜெர்மனியில் உதவித்தொகை பெறுபவர் பொதுவாக வருமான வரி கட்ட வேண்டியதில்லை. அதே சமயம் அவர் ஊழியரும் இல்லை. ஓய்வூதியக் கணக்கில் எதுவும் சேராது, வேலையில்லாக் கால உதவி கிடைக்காது, மருத்துவக் காப்பீட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு வரி பிடிப்பார்கள், ஆனால் இவை எல்லாம் உண்டு. மாக்ஸ் பிளாங்க் ஆய்வு நிறுவனங்களில் ஒரே ஆய்வகத்தில் ஒருவர் ஒப்பந்தத்திலும் பக்கத்து மேசைக்காரர் உதவித்தொகையிலும் இருந்த காலம் உண்டு. உதவித்தொகையில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெளிநாட்டவர்கள். மாணவர்களின் நீண்ட எதிர்ப்புக்குப் பிறகு 2015இல் முனைவர் மாணவர்களுக்கு உதவித்தொகைக்குப் பதில் ஒப்பந்தம் என்று மாக்ஸ் பிளாங்க் கழகம் மாற்றியது.

மேரி கியூரி நிதியில் வேறொரு பொறி. 2021இல் தொடங்கிய சுற்றுகளில் முனைவர் பிந்தைய ஆய்வாளருக்கு மாதம் 5,080 யூரோ என்று அறிவித்தார்கள். ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படுவது இயல்பு. ஆனால் அந்தத் தொகையை முதலில் நாட்டின் விலைவாசிக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்குவார்கள். பிறகு, வேலை தரும் நிறுவனம் கட்ட வேண்டிய சமூகக் காப்பீட்டுப் பங்கும் அதற்குள்ளிருந்தே போகும். அதற்குப் பிறகுதான் ஊழியரின் பங்கும் வருமான வரியும். கைக்கு வருவது அறிவிப்பில் உள்ளதைவிட வெகுவாகக் குறையும். அப்படியும் நல்ல சம்பளம்தான், ஆனால் குடும்பத்தைக் கூட்டிப்போவதா என்று முடிவெடுக்கும்போது கணக்கு சரியாக இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் கட்டணத்துக்குப் போகும் பகுதிக்கு வரி இல்லை, வாழ்க்கைச் செலவுக்கு வரும் பகுதிக்கு உண்டு. மாணவர் விசாவில் இருப்பவரின் உதவித்தொகையில் 14 சதவீதம் பிடித்தம் செய்வது பொது விதி. இந்திய மாணவர்களுக்கு மட்டும் இரு நாட்டு வரி ஒப்பந்தத்தின் 21ஆம் பிரிவால் ஒரு சலுகை கிடைக்கிறது: அமெரிக்கக் குடிமக்கள் வரிக்கு முன் வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளும் நிலையான கழிவைத் தாங்களும் கோரலாம். இது தெரியாமல் அதிக வரி கட்டுபவர்கள் உண்டு.

## ஒவ்வொரு பணத்துக்கும் ஒரு கயிறு

கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார் என்பது நிபந்தனைகளில்தான் தெரியும்.

திரும்பி வரும் கடமை. 1913இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அம்பேத்கருக்கு மாதம் 11.50 பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவித்தொகை கொடுத்து கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். படிப்பு முடிந்து பரோடா சமஸ்தானத்தில் பத்து ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும் என்று ஒப்பந்தம். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்ததும் லண்டன் படிப்பை நடுவில் விட்டுவிட்டு அவர் இந்தியா திரும்ப நேர்ந்தது. சேமிப்பும் கடனும் கோலாப்பூர் மன்னரின் உதவியும் சேர்ந்த பிறகுதான் 1920இல் மீண்டும் லண்டன் போனார்.

நல்லுறவுப் பணத்தின் நோக்கமே போனவர் திரும்பி வந்து அந்த நாட்டைப் பற்றி நல்லபடி பேசுவது. அதனால் ஃபுல்பிரைட்டில் போகிறவர்கள் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் போய், முடிந்ததும் இரண்டு ஆண்டுகள் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். அதற்கு முன் அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவோ நிரந்தர வசிப்புரிமையோ வாங்க முடியாது. 2024 டிசம்பரில் அமெரிக்க வெளியுறவுத் துறை, இந்த இரண்டு ஆண்டு விதிக்கான திறன் பட்டியலிலிருந்து (எந்த நாட்டுக்கு எந்தத் திறன் உள்ளவர்கள் தேவை என்று சொல்லும் பட்டியல்) இந்தியாவை நீக்கியது. உடனே இனி ஜே-1க்கு அந்த விதியே இல்லை என்று வாட்ஸ்அப்பில் பரவியது. பட்டியலால் கட்டுப்பட்டவர்களுக்கு மட்டும்தான் விடுதலை. அரசுப் பணத்தில் போகும் ஃபுல்பிரைட்காரர்களுக்கு விதி அப்படியே இருக்கிறது. ஒரே விசா, ஒரே நாடு, பணம் மாறியதால் விதி மாறுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தியாவுக்கான ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு நிதி அமெரிக்காவில் முழுப் பிஎச்டி செய்வதற்கானது இல்லை. இந்தியப் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே பதிவு செய்திருப்பவர் ஆறு முதல் ஒன்பது மாதம் அங்கே போய் ஆய்வு செய்து வருவதற்கானது. காமன்வெல்த் திட்டத்திலும் இதே போல சொந்த ஊரில் பதிவு, ஓராண்டு வரை பிரிட்டனில் என்ற பிரிவு உண்டு. உள்ளூரில் ஆய்வு செய்துகொண்டிருப்பவர்களுக்கு உண்மையில் நல்ல வாய்ப்பு இவைதான், ஆனால் முழுப் படிப்பு கிடைக்கும் என்று நினைத்து விண்ணப்பிப்பவர்களே அதிகம்.

தலைப்புக் கட்டுப்பாடு. 2022இல் இந்திய அரசின் வெளிநாட்டு உதவித்தொகை விதிகளில் ஒரு மாற்றம் வந்தது: இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியாவைப் பற்றிய சமூக ஆய்வு ஆகிய தலைப்புகளுக்குப் பணம் கிடையாது. இந்தியாவைப் படிக்க வெளிநாடு எதற்கு என்பது அரசு சொன்ன காரணம். அம்பேத்கரின் கொலம்பியா முனைவர் ஆய்வு பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாண நிதி பற்றியது. இன்றைய விதியில் அது தேறியிருக்குமா என்று யோசித்துப் பார்க்கலாம்.

இடம்பெயர்வு விதியும் கால வரம்பும். மேரி கியூரி நிதிக்குக் குடியுரிமை முக்கியமில்லை, இடம் முக்கியம். எந்த நாட்டில் ஆய்வு செய்யப் போகிறோமோ அந்த நாட்டில், விண்ணப்பக் கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது. ஜெர்மனியில் முதுகலை முடித்துவிட்டு அங்கேயே இந்த நிதியில் தொடர நினைப்பவர்கள் இதில்தான் விழுகிறார்கள். பக்கத்து நாட்டுக்கு விண்ணப்பித்தால் பிரச்சினை இல்லை. நான்காம் வகை நிதிகள் பெரும்பாலானவற்றில் பட்டம் பெற்ற நாளிலிருந்து ஒரு கடிகாரம் ஓடும். ஜேஎஸ்பிஎஸ் என்றால் ஆறு ஆண்டு, ஹம்போல்ட்டின் இளம் ஆய்வாளர் பிரிவுக்கு நான்கு ஆண்டு, மேரி கியூரிக்கு எட்டு ஆண்டு ஆய்வு அனுபவம் வரை. குழந்தை வளர்ப்புக்காக விட்ட காலத்தைப் பெரும்பாலும் கழித்துக்கொள்வார்கள். விண்ணப்பத்தில் அதைக் குறிப்பிட வேண்டும்.

## இப்போது செய்திகளுக்கு வருவோம்

அமெரிக்க மானிய வெட்டு மூன்றாவது வழியைத் தாக்கியது. அங்கே ஒரு மானியத்தில் ஆய்வுக்கான நேரடிச் செலவோடு கட்டடம், மின்சாரம், நிர்வாகத்துக்கென்று ஒரு மறைமுகச் செலவும் சேர்த்துத் தரப்படும். சராசரியாக 27, 28 சதவீதமாகவும் சில பெரிய பல்கலைக்கழகங்களில் 50க்கு மேலும் இருந்த அதை, 15 சதவீதமாக்குவதாக 2025 பிப்ரவரி 7இல் தேசிய சுகாதார நிறுவனம் அறிவித்தது. நீதிமன்றம் தடுத்துவிட்டது. ஆனாலும் எதிர்காலம் தெரியாத பல்கலைக்கழகங்கள் முதலில் கைவைத்தது புதிய பிஎச்டி சேர்க்கையில். மருத்துவம், உயிரியல் பக்கம் போகிறவர்களுக்கு அடி பலமாகவும், கற்பித்தல் பணம் அதிகம் உள்ள கணிதம் போன்ற துறைகளுக்கு லேசாகவும் விழுவது இதனால்தான்.

ஜப்பான் செய்தி ஸ்பிரிங் என்ற திட்டத்தைப் பற்றியது. 2021இல், ஜப்பானில் முனைவர் படிப்புக்கு ஆள் குறைகிறதே என்ற கவலையில் தொடங்கியது. ஆண்டுக்கு 29 லட்சம் யென் வரை கிடைக்கும். பயனாளிகளில் சுமார் 40 சதவீதம் வெளிநாட்டவர் என்று தெரிந்ததும் அரசியல் சர்ச்சையானது. 2027 முதல் வாழ்க்கைச் செலவுப் பகுதி ஜப்பானியருக்கு மட்டும். ஆனால் வெளிநாட்டவருக்கென்றே 1954 முதல் நடக்கும் மெக்ஸ்ட் உதவித்தொகையை இது தொடவில்லை. இரண்டையும் நடத்துவது ஒரே அமைச்சகம் என்பதால் வந்த குழப்பம்.

இந்தியாவில் 66 கடிதங்கள் தாமதமானதற்கு அமைச்சரவையின் பொருளாதார விவகாரக் குழு ஒப்புதல் வராததைக் காரணமாகச் சொன்னார்கள். முதல் வகைப் பணத்தின் பலவீனம் இதுவே. தேர்வாவதும் பணம் வருவதும் வேறு வேறு அலுவலகங்களில் நடக்கின்றன, ஆனால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைத் தேதி யாருக்காகவும் நிற்காது. தொகையும் போதவில்லை. பிரிட்டனுக்கு ஆண்டுக்கு 9,900 பவுண்டு என்று பல ஆண்டுகளாக இந்தத் திட்டத்தில் இருந்த வாழ்க்கைப்படி, அந்நாட்டு ஆய்வு மன்றம் 2025-26இல் தன் மாணவருக்குத் தரும் 20,780 பவுண்டில் பாதிகூட இல்லை. லண்டனில் அதை வைத்து வாடகை கொடுப்பதே கஷ்டம். வருமானம் குறைந்த குடும்பத்தினருக்கான திட்டத்தில், ஊரிலிருந்து பணம் வரவழைக்க முடியாதவர்களுக்கு, இப்படி ஒரு தொகையை வைத்திருப்பதற்கு நிர்வாகக் காரணம் எதுவும் போதுமானதாகத் தெரியவில்லை.

மேரி கியூரியில் கூட்டம் கூடியது மற்ற இடங்களில் நெருக்கடி என்பதால். 2024 சுற்றில் ஆறு பேரில் ஒருவருக்குக் கிடைத்தது. விண்ணப்பம் 65 சதவீதம் கூடும்போது பணம் அந்த அளவு கூடுவதில்லை, ஆகவே அந்த வாய்ப்பு விகிதம் பழைய கணக்கு.

## கடிதம் கைக்கு வந்ததும் கேட்க வேண்டியவை

1. பணம் எத்தனை ஆண்டுக்கு உறுதி? படிப்பு சராசரியாக எத்தனை ஆண்டு ஆகிறது? இடைவெளியை யார் நிரப்புவார்கள்?
2. இது ஊழியர் ஒப்பந்தமா, உதவித்தொகையா? மருத்துவக் காப்பீடு யார் பொறுப்பு? பிரிட்டன் மாணவர் விசாவுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம், முழுக் காலத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே கட்ட வேண்டும். அதைத் திருப்பித் தருவார்களா?
3. முதல் மாதப் பணம் எந்தத் தேதியில் வரும்? வாடகை முன்பணம் அதற்கு முன்பே கேட்பார்கள்.
4. திரும்பி வரும் நிபந்தனை, சேவை ஒப்பந்தம், ஜாமீன் கையெழுத்து ஏதாவது உண்டா? ஜாமீன் போடுகிறவருக்கு அதன் தொகை தெரியுமா?
5. பேராசிரியரின் மானியம் நடுவில் நின்றுபோனால், அல்லது அவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போனால், துறை பொறுப்பேற்குமா? இந்த வரி பல கடிதங்களில் இருக்காது. மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அங்கே இப்படிக் கேட்பது வழக்கம்தான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.